பதினாறடி இட்டேரி

ஏனம்மிணி, அந்தத் தென்னையில சாயாதே. மட்டை காஞ்சு தொங்குது, தலையில உழுந்தா நான் பொறுப்பில்ல. போன மாசம் ஒருத்தன், சொல்லச் சொல்லக் கேக்காம, ரெண்டு மரத்துக்கும் நடுவால துணியக் கட்டி ஊஞ்சலாட்டம் படுத்துக்கிட்டு புஸ்தகம் படிக்கறான். பட்டப்பகல்ல! நான் சாணி வாரிட்டு நிக்கறேன், அவன் என்னையப் பாத்து கையாட்டறான். எங்கிருந்து வாரீங்க நீங்கெல்லாம்?

தண்ணியா? அந்தா, தொட்டிக்கிட்ட சொம்பு இருக்குது, மோந்து குடி. வாய் வெக்காதே, அண்ணாந்து குடி. தண்ணி கேட்டவீங்களுக்கு இல்லைன்னு சொல்ற குடும்பமில்ல இது. அதுக்காக நான் உங்களையெல்லாம் வா வான்னு கூப்புட்டேன்னு நெனச்சுக்காதே. நான் கூப்புடல. சரி, கூப்புட்டேன். ஆனா இதுக்குக் கூப்புடல.

உக்காரு. அந்த மஞ்சக் கல்லு மேல வேண்டாம், அது சர்க்காரு கல்லு, அதைப் பாத்தாலே எனக்கு வவுறு எரியுது. இந்தப் பம்புசெட்டுத் திட்டுல உக்காரு. பையை இறக்கி வை. என்னத்த வெச்சிருக்கறே அதுக்குள்ள, மூணு மாசத்துக்குக் குடும்பம் நடத்தப் போறவளாட்டம்?

டவுன்ல இருந்து நடந்தே வாரயா? முப்பது கிலோமீட்டரா? ஏன், பஸ்சு ஓடலயா? மணிக்கு ஒரு பஸ்சு இருக்குதே, அதுவும் பொம்பளைகளுக்குக் காசு கூட இல்ல. எங்க ஊர்ல ஒவ்வொருத்தனும் நடக்காம இருக்கறதுக்காக ஏலச்சீட்டுப் போட்டு வண்டி வாங்கறான். நீங்க வண்டிய ஊட்டுல நிறுத்திப்போட்டு நடக்கறதுக்குன்னு தனியா ஒரு செருப்பு வாங்கி மாட்டிக்கிட்டு வாரீங்க. போர்டுல என்னமோ எழுதியிருக்குதாமே, 'நகரத்தையும் கிராமத்தையும் இணைக்கும் நடைவழி'ன்னு. நாங்க எப்ப அந்துபோய்க் கெடந்தோம், இவீங்க வந்து முடிச்சுப் போடறதுக்கு? டவுனுக் குளத்துமேட்டுல ஆரம்பிச்சு மலையடிவாரம் வரைக்கும் தடமாம். நடுவால என்ர தோட்டமாம்.

சிரிக்காதே. உனக்கு இது தடம். எனக்கு இது என்னன்னு உனக்குத் தெரியாது.

நீ இப்ப நடந்து வந்தியே, இதுக்குப் பேரு இட்டேரி. ரெண்டு தோட்டத்துக்கு நடுவால, ரெண்டு பக்கமும் வேலி வெச்சு, மாட்டு வண்டி போறதுக்குன்னு அந்தக் காலத்துல உட்ட தடம். மேக்கால இருக்கறது என்ர தோட்டம். கெழக்கால, அந்தா பச்சைக் கேட்டு தெரியுதா, அது சென்னியப்பன் தோட்டம். அந்தப் பேரை என்ர வாயால சொல்றதே பாவம். கேட்டுக்கோ, அவன்தான் என்ர ஊட்டுக்காரரைக் கொன்னவன்.

என்ன முழிக்கறே? கத்தியால குத்துனான்னா சொன்னேன்? அப்படிக் கொன்னிருந்தா ஜெயிலுக்காச்சும் போயிருப்பான். இவன் தடத்தைத் தின்னே கொன்னான்.

நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப இந்த இட்டேரியில ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா ஒண்ணு சித்த ஒதுங்கி நின்னாப் போதும். பொறகு வருசா வருசம் பாக்கறேன், அவன் வேலி கிட்ட வந்துக்கிட்டே இருக்குது. இதே திட்டுல நின்னு பாப்பேன். போன வருசம் அங்க இருந்துது, இந்த வருசம் இங்க இருக்குது. என்ர கண்ணாலயே பாத்தேன் அம்மிணி, ஆரும் சொல்லிக் கேக்கல. ஒரு வருசம் வண்டி போவல. அப்பறம் டிராக்டர் போவல. அப்பறம் மொபெட்டு. கடைசியில ஒரு ஆளு நெஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போறாப்பல, மூணடிச் சந்தாயிருச்சு. ரெண்டு பக்கமும் கிளுவ முள்ளு. எருமை கூட உள்ள வர யோசிக்கும்.

நானா? என்ர வேலிக்கு என்ன? எல்லாரும் வெக்கறாப்பலதான் நானும் வெச்சேன். ஆடிக் காத்துல வேலிக்கு நட்ட பழைய கிளுவப் போத்து சாஞ்சுருது, மழைக்குப் புதுசு நடோணும். பழைய குழியிலயே நட்டாப் புடிக்காது, ஒரு சாண் தள்ளித்தான் நடோணும். இது எங்கூர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். உள்ளுக்குத் தள்ளி நட்டா என்னவா? உள்ளுக்குத் தென்னை வேர் இருக்குதே, இடிக்காதா? என்ன கேள்வி கேக்கறே. படிச்ச புள்ளையாட்டம் பேசு.

என்ர ஊட்டுக்காரரு பேரு மருதாசலம். வாயில்லாப் பூச்சி. அவருக்கு இந்த வேலிச் சோலியெல்லாம் ஆகாது. மாடு, பால், பேப்பர், டீ. அவ்வளவுதான். நான் ஆளை வெச்சுப் போத்து நடறப்ப வந்து இடுப்புல கையை வெச்சு நிப்பாரு. "மயிலு, தடத்துப் பக்கம் ஏன்டி போறே"ன்னு கேப்பாரு. "நீங்க போய் மாட்டைப் புடிச்சுக் கட்டுங்க"ம்பேன். போயிருவாரு. அந்தக் குணத்துக்குத்தான் எல்லாரும் அவரு தலையில மொளகா அரைச்சாங்க. நான் ஒருத்தி இல்லைன்னா சென்னியப்பன் எங்க ஊட்டு வாசல் வரைக்கும் வேலி போட்டிருப்பான்.

அந்தப் போத்து புடிச்ச எடத்துக்கு உள்ளால, சும்மா கெடக்குதேன்னு ஒம்பது தென்னை வெச்சேன். நீ சாஞ்சிருந்தியே, அது மூணாவது. நல்ல காப்பு.

முந்தின கார்த்திகையில, வெடியால பால் கறக்கற நேரம். மூணு நாளா மழை. கட்டுத்தறியில இருந்து சத்தத்தையே காணோம். போய்ப் பாக்கறேன், போசி உருண்டு கெடக்குது, பால் பூராவும் சாணியில. மனுசன் மாட்டு மேலயே சாஞ்சு நிக்கறாரு. மாடும் அசையாம நிக்குது. "மயிலு, நெஞ்சுல கல்லு வெச்சாப்பல இருக்குது"ன்னாரு. வேர்த்துக் கொட்டுது, அந்தக் குளுர்ல.

போன் பண்ணுனேன். ஆம்புலன்சு சீக்கிரமாவே வந்துருச்சு, அதைக் குத்தம் சொல்லக் கூடாது. ரோட்டு முக்குல, இட்டேரி வாயில வந்து நின்னுருச்சு. உள்ள எப்படி வரும்? மூணடிச் சந்து. நான் இங்கிருந்து கத்தறேன், அவன் அங்கிருந்து சங்கு ஊதறான். கேக்குது அம்மிணி. சத்தம் கேக்குது, வண்டி வரல.

கயித்துக் கட்டல்ல போட்டுத் தூக்குனாங்க. ஆரு தூக்குனதுன்னா கேக்கறே? அவன்தான். சென்னியப்பன். சத்தம் கேட்டு ஓடி வந்துட்டான், கூட அவன் தோட்டத்து ஆளுக மூணு பேரு. தூக்கறாப்பல தூக்குனான். கட்டலு சந்துக்குள்ள போவல. ரெண்டு பக்கமும் ஆளு நிக்க எடமில்ல, முள்ளு கிழிக்குது. உடனே இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? அருவாளை எடுத்து என்ர வேலிய வெட்டறான்! அந்த நேரத்துலயும் பாரு! அவன் வேலியும் பக்கத்துலதானே இருக்குது, அதை வெட்டறதுதானே? என்ர பக்கத்து வேலியத்தான் வெட்டுனான். "எந்த வேலிய வெட்டறே"ன்னு நான் கத்துனேன். ஆமா, கத்துனேன். வாயில வந்துருச்சு. என்ர ஊட்டுக்காரரு கட்டல்ல படுத்துக்கிட்டு என்னையவே பாத்தாரு.

வெட்டி மாளல. பாதியில கட்டலைப் போட்டுட்டு அவரை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடுனான். சேத்துல ரெண்டு தடவை முட்டி போட்டு உழுந்து எந்திரிச்சான். முக்குக்குப் போய்ச் சேர்றதுக்கு இருபது நிமிசம். நான் சும்மா சொல்லல, போன்ல நேரம் இருக்குது. வண்டியில வந்த தம்பி கையைப் புடிச்சுப் பாத்தான், கண்ணைத் தூக்கிப் பாத்தான். பொறகு என்னைப் பாக்காம சொன்னான். "ஒரு பத்து நிமிசம் முன்னாடி வந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாம்மா."

பத்து நிமிசம்.

அன்னிக்கே சொல்லிப்போட்டேன், எழவு ஊட்டுலயே, அத்தனை சனம் உக்காந்திருக்கறப்ப. இந்தத் தடத்தைத் தின்னவன்தான் என்ர தாலிய அறுத்தவன்னு. சென்னியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். குத்தமுள்ள நெஞ்சு, அதான் குனிஞ்சிருந்தான். பதினாறாம் நாளு காரியத்துக்கு அவன் பொண்டாட்டி பலகாரம் கொண்டு வந்தா, வாசல்லயே நிறுத்தித் தாட்டி விட்டுட்டேன். ஊர்ல நாலு பேரு என்ர பக்கம். நாலு பேரு வாயைத் தொறக்கல. எனக்கு ஆதாரம் வேணும். சர்க்காரு வந்து, அளந்து, இவன்தான் தின்னான்னு ஊருக்கு முன்னால சொல்லோணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. சோத்துல கை வெச்சா அதுதான் நெனப்பு.

அப்பத்தான் இந்தத் தொப்பிக்காரன் வந்தான். ஆதித்தன்னு பேரு. உங்காளுதான், உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனி மாசம், கையில போனைப் புடிச்சுக்கிட்டு, சந்துக்குள்ள இருந்து ரத்தம் சொட்டச் சொட்ட வெளிய வாரான். கூட ரெண்டு புள்ளைக. "அம்மா, இது பழைய இட்டேரிதானுங்களே?"ன்னு கேட்டான். எனக்கு எப்படியிருந்துச்சுன்னா, சாமியே வந்து கேட்டாப்பல இருந்துச்சு. உக்கார வெச்சு மோர் குடுத்தேன். அரிசியும் பருப்பும் ஆக்கி, நெய் ஊத்திப் போட்டேன். அந்தப் புள்ளைக ரெண்டும் கையை நக்கி நக்கித் தின்னாளுக.

அவன் சொன்னான், பழைய இட்டேரியெல்லாம் கண்டுபுடிச்சு ஒண்ணோட ஒண்ணு சேத்து, டவுன்ல இருந்து மலை வரைக்கும் சனங்க நடக்கறதுக்குத் தடம் போடறாங்களாம். அது சர்க்காரு திட்டமாம். ஆருகிட்டயும் பூமி எடுக்க மாட்டாங்களாம். "உங்க இட்டேரி இப்ப மூணடி இருக்குதும்மா, எங்களுக்கு அது போதும். முள்ளை மட்டும் கழிச்சு உடுங்க, ஆளு நடந்தாச் சரி"ன்னான்.

போதும்னான் அம்மிணி. அவனே போதும்னான்.

நான் உட்டேனா? "என்ன தம்பி மூணடி? இது எத்தனை அடித் தடம் தெரியுமா? ஆரு தின்னதுன்னு தெரியுமா? சர்வேயரைக் கூட்டியாங்க. அளங்க. கல்லைத் தோண்டுங்க. அதிகாரியக் கூட்டியாங்க"ன்னேன். அவன் பாவம், "பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்குள்ள சண்டை வந்துரும்மா"ன்னு இழுத்தான். "சண்டை வரட்டும். வரோணும். நான் தாலுக்கா ஆபீசு வரைக்கும் வாரேன்"னேன். வந்தேனே! மூணு தடவை பஸ்சு ஏறிப் போயி மனுக் குடுத்தேன். ஆபீசுல இருந்தவன் "இட்டேரியத் தொறந்து உடுங்கன்னு பட்டாக்காரங்களே வந்து கேக்கறது இதுதாம்மா மொதல் தடவை"ன்னான். அவனுக்கு எனக்கு ஒரு கும்புடு போடலாம்னு இருந்திருக்கும்.

அதோட உட்டேனா? பெட்டியத் தொறந்து எங்க மாமனாரு காலத்துப் பத்திரத்தை எடுத்தேன். எங்க பத்திரத்துல எல்லை சுத்தமா எழுதியிருக்கும். 'இட்டேரிக்கு மேற்கு'. அப்பறம் பூமியோட கிழமேல் அளவு, தென்வடல் அளவு, இட்டேரி பதினாறடிங்கறது, எல்லாம். எனக்குப் படிக்க வராது, ஆனா அதுல இட்டேரி அளவு இருக்குதுன்னு மாமனாரு சொல்லிக் கேட்டிருக்கறேன். அதை நகலெடுத்து என்ர கையாலயே சர்வேயருகிட்டக் குடுத்தேன். ஆதித்தன் வாங்கிப் படிச்சுட்டு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். "அம்மா, இதைக் கண்டிப்பாக் குடுக்கணுமா?"ன்னு கேட்டான். "குடுக்காம? குடுங்க தம்பி"ன்னேன்.

இப்பச் சொல்லு, அவன் அப்பவே வெவரமாச் சொல்லியிருக்கோணுமா இல்லியா? இழுத்து இழுத்துப் பேசுனா எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவன்னா வாயைத் தொறந்து சொல்லோணும்.

ஆடி பொறந்து நாலாம் நாளு அளக்க வந்தாங்க. நான் ஊரையே கூட்டிப்போட்டேன். பால் சொசைட்டியில சொன்னேன், கோயல்ல சொன்னேன், சந்தைக்குப் போற ஆளையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். நாப்பது அம்பது பேரு. எல்லாருக்கும் டீ. அவரு போட்டோவுக்குப் புது மாலை போட்டுட்டு வந்தேன். வந்து எல்லாருக்கும் முன்னால நின்னு சொன்னேன், "என்ர ஊட்டுக்காரரைக் கொன்னது ஆருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும். எல்லாரும் கண்ணைத் தொறந்து பாத்துக்கோங்க."

சென்னியப்பன் அவன் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தான். கையைக் கட்டிக்கிட்டு.

சர்வேயரு மொதல்ல அவன் பக்கம் போனாரு. கெழக்கு ஓரம், வேலிக்கு அடியில தோண்டச் சொன்னாரு. ரெண்டடி தோண்டுனதும் டங்குன்னு சத்தம். பழைய எல்லைக் கல்லு. அவன் வேலி வேருக்குள்ளயே சிக்கிக் கெடக்குது. கல்லு மேல வேலி, வேலிக்கு அடியில கல்லு. ஒரு வெரக்கடை இப்படி அப்படி இல்ல. தெக்கால ஒண்ணு தோண்டுனாங்க, அதுவும் அப்படியே. அவன் வேலி அவிங்கப்பன் காலத்துல வெச்ச எடத்துலயே நிக்குதாம்.

"கல்லை நகத்தி வெச்சிருப்பான்"னேன் நான். "அம்மா, இது அறுவது வருசத்து வேரு, அதைத் தூக்காம கல்லை எப்படி நகத்தறது"ன்னாரு சர்வேயரு.

பொறகு என்ர பக்கம் வந்தாங்க. மேக்கு ஓரத்துல என்ர கல்லு இருக்குது, அதுல ஆருக்கும் சண்டையில்ல. அதுல இருந்து சங்கிலியப் புடிச்சுக் கெழக்கால வந்தாங்க. பத்திரத்துல கிழமேல் முந்நூத்திப் பன்னெண்டடி. அவீங்க அளந்துக்கிட்டே வந்து, முந்நூத்திப் பன்னெண்டுல ஒரு குச்சிய நட்டாங்க. நட்ட எடம் எது தெரியுமா? தென்னைக்கு உள்பக்கம். ஒம்பது தென்னையும் அந்தக் குச்சிக்கு வெளிய நிக்குது. அங்கிருந்து என்ர வேலி பதிமூணடி.

பதிமூணும் மூணும் பதினாறு. அதை ஒரு எளவட்டம் சத்தமாச் சொன்னான், பரிச்சைக்குப் படிக்கறவனாட்டம்.

அத்தனை பேரு நிக்கறாங்க, டீ டம்ளரு கையில. என்ர டீ. ஒருத்தரும் என்னைய நிமிந்து பாக்கல. ஒருத்தி முந்தானைய எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா. நான் சொன்னேன், "சங்கிலி தப்பு". மறுக்கா அளந்தாங்க. அதேதான். "பாடுபட்டு உரம் போட்டு வளத்த பூமி, அகலத்தான் செய்யும்"னேன். ஆமா, சொன்னேன். என்னமோ சொல்லோணுமில்ல? நாப்பது பேரு முன்னால கம்முனு நிக்கச் சொல்றயா?

அப்பத்தான் சென்னியப்பன் வந்தான். கிட்ட வந்து, மத்தவீங்களுக்குக் கேக்காதாப்பல, "அக்கா, போதுமுங்க. ஊட்டுக்குள்ள போங்க"ன்னான்.

பாத்தியா அவன் திமிரை? அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது! எழவு ஊட்டுல தலையைக் குனிஞ்சிருந்தப்பவே தெரியும். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். எட்டு மாசமா நான் அவனைக் கொலைகாரன் கொலைகாரன்னு ரோட்டுல நின்னு கத்தறேன், காறித் துப்பறேன், ஒரு வாத்தை திருப்பிச் சொல்லல. சொல்லியிருக்கலாமில்ல? "நான் தின்னல, நீதான் தின்னே"ன்னு ஒரு நாளு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, நான் மனுக் குடுத்திருப்பேனா? பத்திரத்தை எடுத்திருப்பேனா? டீ போட்டுக் குடுத்து நாப்பது பேரைக் கூப்புட்டிருப்பேனா? சொல்லாம இருந்து என்னைய இந்தக் கோலத்துல நிறுத்துனது ஆரு? அவன்தானே? அது அவன் தப்புத்தானே? என்ன தலையை அங்கயும் இங்கயும் ஆட்டறே, ஆமான்னு சொல்லு.

சொல்லாட்டிப் போ.

வேலிய எடுத்தாங்க. தென்னைய வெட்டல, நடக்கறவங்களுக்கு நெழலாம், ஆதித்தன் எழுதிக் குடுத்து நிறுத்திட்டான். மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுட்டாங்க. நான் வெச்ச மரம், சர்க்காரு நம்பரு. தை மாசம் திறப்பு விழா. மேளம், பொன்னாடை. எனக்கும் ஒரு பொன்னாடை கொண்டு வந்தாங்க, 'தானாக முன்வந்து பாதைக்கு வழிவிட்ட தாய்'ன்னு மைக்குல சொல்லிப்போட்டு. தாயாம்! நான் கதவைச் சாத்திக்கிட்டேன். வெளிய கை தட்டற சத்தம் கேட்டுச்சு.

அதோட போச்சான்னா அதுவும் இல்ல. போன மாசம், வெய்யல் ஏறுன நேரம், உன்னையாட்டம் ஒரு புள்ளை, அந்தா அந்த அஞ்சாவது தென்னைக்கிட்ட, காலை மடக்கி உழுந்துருச்சு. சுளுக்கு. எலும்பு கூட இல்ல, சுளுக்கு. நானே எண்ணெய் போட்டு நீவி விட்டிருப்பேன். கூட வந்தவன் போன் பண்ணிப்போட்டான். சங்குச் சத்தம் கேக்குது. நான் திட்டுல இருந்து எந்திரிக்கறேன், அதுக்குள்ள வண்டி வந்து நிக்குது. இதோ, இங்க. என்ர வாசல்ல. வெள்ளை வண்டி, மேல செவப்பு வெளக்கு சுத்துது. கதவைத் தொறந்து அந்தப் புள்ளையப் படுக்க வெச்சு, வந்த மாதிரியே போயிருச்சு. புழுதி கூட அடங்கல.

சுளுக்குக்கு! சுளுக்குக்கு உள்ள வருது!

நான் அந்த வண்டிக்குப் பொறத்தால ஓடுனேன். ஏன் ஓடுனேன்னு கேக்காதே, எனக்குத் தெரியல. கல்லை எடுத்து வீசுனேன்னு ஊர்ல சொல்றாங்க. வீசியிருப்பேன். சென்னியப்பன் வந்து கையைப் புடிச்சான், அவனை ஒரு அறை அறைஞ்சேன். வாங்கிக்கிட்டு நின்னான் மடையன்.

ஆனா ஒண்ணு, அந்த வண்டியக் கணக்குல எடுக்கக் கூடாது. அது காஞ்ச தடம், மாசி மாசத்து வெய்யலு. கார்த்திகையில மூணு நாளு மழை, சேறு. தடம் பதினாறடி இருந்திருந்தாலும் வண்டி உள்ள வந்திருக்காது, சக்கரம் புதைஞ்சிருக்கும். தூக்கிட்டுத்தான் போயிருக்கோணும். நடந்துதான் போயிருக்கோணும். நான் யோசிச்சுப் பாக்காம இல்ல. அதனால அந்தத் தம்பி சொன்ன பத்து நிமிசத்துக்கு நடக்கற கணக்குத்தான் கணக்கு.

சரி, தண்ணி குடிச்சாச்சில்ல. கெளம்பறியா? கெளம்பு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போ. ரோட்டு முக்குல உங்க மஞ்சப் போர்டு இருக்குதே, அங்கிருந்து இங்க வாரதுக்கு உனக்கு எத்தனை நிமிசமாச்சு? கையில கட்டியிருக்கறயே, அதுல எல்லாம் காட்டுமாமே. பாரு.

ஏழா?

சரியாப் பாரு. நடுவால எங்கயும் நிக்கலயா? போட்டோ புடிக்கல? செருப்புல மண்ணு தட்டறேன்னு உக்காரல? முதுகுல பாரத்தோட ஏழா? எத்தனை கிலோ அது? பதினொண்ணு. அவரு எழுவத்திநாலு கிலோ. எழுவத்திநாலு கிலோவைத் தூக்கிட்டு வந்தா ஏழுல வர முடியுமா? முடியாதில்ல? பத்தாச்சும் ஆவுமில்ல? நாலு பேரு சேந்து தூக்குனா? கட்டல்ல? ரெண்டு பக்கமும் நல்லா எடம் உட்டு?

எல்லாருகிட்டயும் கேக்கறேன் அம்மிணி. உன்னைய மட்டும் இல்ல. தையில இருந்து இந்தப் பக்கம் வார ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சுத் தண்ணி குடுத்துக் கேக்கறேன். ஆறுங்கறாங்க, ஏழுங்கறாங்க. ஒருத்தி கைப்புள்ளையோட வந்தா, அவளும் எட்டுங்கறா. ஒரே ஒருத்தர், கோல் ஊனிக்கிட்டு வந்த வயசான வாத்தியாரு, பதிமூணுன்னாரு. அவருக்கு எலை போட்டு, பாயசம் வெச்சுச் சோறு போட்டேன். அன்னிக்கு ஒரு நாளுதான் நான் கண்ணை மூடித் தூங்குனது. மக்யா நாளு அவரு பேத்தி அதே தடத்துல வந்தா. அவளைக் கேட்டிருக்கவே கூடாது.

போ. அழுவலை நான், புழுதி. நீ போ.

ஏய் அம்மிணி, நில்லு. மெதுவாப் போ. அவசரம் ஒண்ணுமில்லையே உனக்கு, சும்மா நடக்கத்தானே வந்தே? பொறகு ஏன் எல்லாரும் இத்தனை வேகமா நடக்கறீங்க?